விக்கிப்பீடியாவின் அடித்தள மொழி: ஒரு தேர்வின் வரலாறு

வலைத்தளம் ஆக்குவதற்கு எந்த நிரல்மொழி உகந்தது, அதன்மேல் எந்தச் சட்டகத்தைப் பொருத்துவது என்பது கணினித் துறையினரிடையே ஓயாத வழக்கு. பழைய சமயவாதங்களின் சூடு சற்றும் குறையாமல் அங்கே கட்சிகள் உண்டு. கட்சிக்கொரு மூலநூல், மூலத்துக்கு உரை, உரைக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு எல்லாம் உண்டு. இலக்கியம் பேசும் இடத்தில் இந்த வழக்கு எதற்கு என்று நண்பர்கள் வினவக்கூடும். காரணம் இருக்கிறது. ஐயம் எழுந்தால் நம் மாணவர்கள் முதலில் புரட்டுகிற தமிழ் விக்கிப்பீடியா, பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பட்ட மென்பொருளின்மேல் நிற்கிறது. அந்த மொழிக்குத் தமிழ் எழுத்து இன்னதென்று தெரியாது. தமிழ் மட்டுமா, ஆங்கிலம் நீங்கிய எந்த எழுத்தும் அதற்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட மொழி எவ்வாறு அவ்விடத்துக்கு வந்தது, அதனால் நமக்கு வாய்த்தது எது, நாம் இழந்தது எது என்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 1989-இல் முன்மொழிந்து, 1990-இன் இறுதியில் இயக்கிக் காட்டிய வலையில் நிரலுக்குப் பெரிய வேலை ஏதுமில்லை. எழுதி வைத்த கோப்பைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதே வழங்கியின் தொழில்; சுவடி நூலகத்து ஏவலர் செய்யும் பணி அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பண்டைத் தமிழ் நூல்களை ஏறக்குறைய இந்த முறையிலேயே உலகுக்கு வழங்கியது. பாடம் முடிவாகிவிட்ட நூலுக்கு அம்முறை போதும். படிப்பவரே திருத்தவும் எழுதவும் வேண்டும் என்றால் போதாது. கேட்பவர் கேட்கும் கணத்தில் பக்கத்தைக் கட்டித் தரவும், அவர் எழுதியதை வாங்கி வைக்கவும் நிரல் ஒன்று தேவைப்படுகிறது.

அதற்கான வழியை 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து மீக்கணினி மையத்தார் வகுத்தனர். சி.ஜி.ஐ. என்று அதற்குப் பெயர். வழங்கிக்கும் நிரலுக்கும் இடையே அது ஒரு வாயில். வாயிலுக்கு உள்ளே இருக்கும் நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் தடையில்லை. நடைமுறையில் அங்கே வந்து அமர்ந்த மொழி பெர்ல். லாரி வால் 1987-இல் உருவாக்கியது. லாரி வாலும் அவர் மனைவியும் மொழியியல் பயின்றவர்கள். எழுத்து வடிவம் இல்லாத ஒரு மக்களின் மொழியைக் கண்டறிந்து அதற்கு எழுத்து அமைத்துத் தரவேண்டும் என்பது அவர்கள் கனவு. உடல்நலக் காரணத்தால் அது கைகூடவில்லை. எழுத்தில்லாத மொழிக்கு எழுத்து வகுக்கப் புறப்பட்டவர், எழுத்துகளை வெட்டி ஒட்டிச் சேர்க்கும் நிரல்மொழி ஒன்றை வகுத்தார். அதனால்தானோ என்னவோ, ஒரு கருத்தைப் பல வாய்பாடுகளில் சொல்ல இடம் தருவது பெர்லின் இயல்பு. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத் திணறுவதும் அதன் இயல்பே.

வார்டு கன்னிங்காம் 1995-இல் நிறுவிய முதல் விக்கித் தளம் பெர்லில் எழுதப்பட்டது. 2001 சனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபோது அது ஏறியமர்ந்த யூஸ்மாட்விக்கி என்னும் மென்பொருளும் பெர்ல்தான். கிளிஃபோர்டு ஆடம்ஸ் எழுதியது. இதில் ஒரு செய்தி தமிழருக்குச் சுவையானது. அந்நாளைய விக்கிகளில் ஒரு சொல்லை இணைப்பாக மாற்ற, இரண்டு சொற்களை இடைவெளியின்றி ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். ஒட்டகத்தின் திமில்போல் நடுவே எழுத்து உயர்ந்து நிற்பதைப் பார்த்து, இது இணைப்பு என்று நிரல் அறிந்துகொள்ளும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் ஒரே ஒரு இணைப்பைக்கூட இம்முறையில் உண்டாக்கியிருக்க முடியாது. சீனம், அரபு, எபிரேயம், இந்திய மொழிகள் அனைத்துக்கும் இதே கதி. 2001 பிப்ரவரியில் ஆடம்ஸ் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எதையும் இணைப்பாக எழுதலாம் என்னும் முறையைச் சேர்த்தார். ஆங்கிலக் கட்டுரைகளின் தலைப்புகள் கோரமாக இருக்கின்றன என்பதற்காகச் செய்த மாற்றம் அது. நம்மை நினைத்துச் செய்ததன்று. ஆயினும் நமக்குக் கதவு திறந்தது அன்றுதான்.

யூஸ்மாட்விக்கியின் குறைகள் விரைவில் வெளிப்பட்டன. பக்கம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. வாசகர் ஒருவர் வந்து கேட்கும் ஒவ்வொரு முறையும் பெர்ல் துயிலெழுந்து, நிரல் முழுவதையும் முதலிலிருந்து படித்து, பக்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி உறங்கப் போகும். நூறு பேர் ஒருங்கே வந்தால் நூறு முறை எழ வேண்டும். அதைவிட வருந்தத்தக்கது, பழைய திருத்தங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அது அழித்துவிடும். கலைக்களஞ்சியத்தின் குழந்தைப் பருவத்து வரலாறு இவ்வாறு மறைந்தது. 2010 திசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய காப்புக் கோப்பு ஒன்றைக் கண்டெடுத்த பிறகே முதல் சில மாதங்களின் திருத்தங்கள் மீண்டன. சுவடி தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர்களை நினைவூட்டும் நிகழ்ச்சி இது. மென்பொருளின் கட்டமைப்பு, எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

மாற்று மென்பொருள் வேண்டியிருந்தது. 2001-இல் ஒருவர் முன் என்னென்ன மொழிகள் இருந்தன என்று பார்க்கலாம். பெர்ல் இருந்தது. பெருநிறுவனங்கள் விரும்பிய ஜாவா இருந்தது. மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. இருந்தது; ஆனால் அது விண்டோஸ் வழங்கியை வேண்டுவது, கட்டற்ற மென்பொருள் நெறியினருக்கு ஒவ்வாதது. பைத்தான் மொழியில் சோப் என்னும் சட்டகம் இருந்தது. இன்று எல்லோரும் பேசும் ரூபி ஆன் ரெயில்ஸ் 2004-இலும், கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்த ஜாங்கோ 2005-இலும்தான் வெளிவந்தன. அவை பிறப்பதற்கு முன்பே விக்கிப்பீடியாவின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது.

எழுதியவர் மாக்னஸ் மான்ஸ்கே, செருமனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்ற மாணவர். எவரும் அவரைப் பணிக்கமர்த்தவில்லை. குழு கூடி ஆராயவில்லை. ஒப்பீட்டு அட்டவணை போடவில்லை. பி.எச்.பி. மொழியில், மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தைக் கொண்டு, அவரே ஒரு மென்பொருளை எழுதிக் கொண்டுவந்து வைத்தார். 2002 சனவரி 25 அன்று ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது. விக்கிப்பீடியர்கள் அந்த நாளை அவர் பெயரால் நினைவுகூர்கின்றனர். சில மாதங்களிலேயே கூட்டம் பெருகி அதுவும் மூச்சுத் திணறியது. லீ டேனியல் கிராக்கர் அதை அடியோடு திருத்தி எழுத, அவ்வாண்டு சூலையில் அடுத்த மாற்றம் நிகழ்ந்தது. அடியோடு எழுதியபோதும் மொழி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2003-இல் மீடியாவிக்கி என்று பெயர் பெற்றது அந்த மென்பொருளே.

பி.எச்.பி.யின் பிறப்பையும் சொல்லியாக வேண்டும். கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் கல்வி பயின்ற ராஸ்மஸ் லெர்டார்ஃப், வலையில் இட்டிருந்த தம் தன்விவரக் குறிப்பை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய 1994-இல் சிறு கருவிகள் சிலவற்றை எழுதினார். 1995 சூன் 8 அன்று அவற்றை உலகுக்கு வழங்கினார். மொழி ஒன்றை ஆக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. தேவைக்குத் தேவை ஒட்டுப்போட்டு வளர்ந்தது அது. செயற்கூறுகளின் பெயர்களில் ஒழுங்கில்லை என்று கணினியாளர் குறைகூறுவதுண்டு. அதற்கு லெர்டார்ஃப் பிற்காலத்தில் கூறிய விளக்கம் வியப்பூட்டுவது. தொடக்கத்தில் செயற்கூறுகளை அவற்றின் பெயரின் நீளத்தைக் கொண்டே நிரல் தேடிப் பிடித்ததாம். ஆகவே பெயர்கள் வெவ்வேறு நீளத்தில் அமையும்படி பார்த்துக்கொண்டார்களாம். எதுகை மோனைக்காகச் சொல்லைத் தேடிய புலவர் நம்மிடம் உண்டு. எழுத்தெண்ணிக்கைக்காகப் பெயரை நீட்டிய மொழி இதுவாகத்தான் இருக்கும். 1997-இல் இசுரேலின் டெக்னியான் கல்விக்கழகத்து மாணவர்களான சீவ் சுராஸ்கியும் ஆண்டி குட்மன்ஸும் அதன் உள்ளுறுப்பை மாற்றி எழுத, மறு ஆண்டு மூன்றாம் பதிப்பு வந்தது. அதன் பின்னரே அதை மொழி என்று கூசாமல் அழைக்க முடிந்தது.

இலக்கண நோக்கில் இத்தனை குறையுள்ள மொழி ஏன் வென்றது? அப்பாச்சி வழங்கிக்கு உள்ளேயே அது குடியிருந்ததால், பெர்லைப்போல் ஒவ்வொரு முறையும் எழுப்ப வேண்டியதில்லை. குறைந்த வாடகைக்கு இடம் தரும் நிறுவனங்கள் லினக்ஸ், அப்பாச்சி, மை எஸ்.கியூ.எல்., பி.எச்.பி. நான்கையும் ஒன்றாகவே தந்தன. கோப்பை ஏற்றினால் போதும், தளம் ஓடத் தொடங்கும். ஆயினும் எனக்குத் தலையாயதாகத் தோன்றும் காரணம் வேறு. பி.எச்.பி. நிரலை அரைகுறையாக அறிந்தவரும் படிக்கலாம், தொட்டுத் திருத்தலாம். ஊதியமின்றி, இரவில் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலரை நம்பி எழுந்த ஒரு முயற்சிக்கு, மிகச் சிறந்த மொழியைவிட மிகப் பலருக்குக் கைவந்த மொழியே தேவை. பிற்பாடு இணையத்தை நிறைத்த வேர்டுபிரஸ் கதையும் இதுவே: கார்சிகாத் தீவினரான மிஷேல் வால்ட்ரிகி 2001-இல் பி.எச்.பி.யில் எழுதிய மென்பொருளை எடுத்து, 2003-இல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வளர்த்தெடுத்தனர். கடன் வாங்கக் கூடியதாக, கைவைக்கக் கூடியதாக அது இருந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தோன்றியது. மீடியாவிக்கியின் பக்கங்களில் தோன்றும் ஒவ்வொரு மொழியின் அறிவிப்புச் சொற்களும் அந்நாளில் பி.எச்.பி. கோப்புகளில் இருந்தன, தளத்துக்குள்ளிருந்தே அவற்றை மாற்றவும் வழியிருந்தது. மேற்கோள் குறிகளுக்கு இடையிலுள்ள ஆங்கிலத்தை நீக்கித் தமிழை இட நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. தொடக்கக் காலத்தில் இடைமுகத்தைத் தமிழாக்கியும் கட்டுரைகளை எழுதியும் அடித்தளமிட்டவர் இ. மயூரநாதன், ஈழத்தவர், தொழிலால் கட்டடக்கலைஞர். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015-ஆம் ஆண்டு இயல் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. இலக்கிய விருதொன்று விக்கிக்காக உழைத்தவரைத் தேடிச் சென்றது நல்ல முன்மாதிரி.

இனி, தமிழ் எழுத்து பற்றிய செய்திக்கு வருவோம். கணினிக்கு எழுத்து என்பது எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழைச் சேர்த்தது. அந்த எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதி வைக்கும் முறைகளுள் யூ.டி.எஃப்-8 ஒன்று. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூ செர்சியின் ஓர் உணவகத்தில், மேசை விரிப்புத் தாளில் அதை வகுத்தார்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். அதை வகுத்தவர்கள் ஒரு சூட்சுமம் செய்திருந்தார்கள்: எழுத்தறிவற்ற பழைய நிரலும் அந்தப் பைட்டுகளைச் சிதைக்காமல் ஓரிடத்திலிருந்து வாங்கி மற்றோரிடத்தில் கொடுத்துவிடலாம்.

பி.எச்.பி. அத்தகைய எழுத்தறிவற்ற ஏவலன். அதற்குச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவே. தமிழைத் தமிழென்று அறியாததால் அதில் கைவைக்கவும் அதற்குத் தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காத தபால்காரரைப்போல வந்ததை வந்தபடியே சேர்த்தது. மீடியாவிக்கியின் தொடக்கக் காலத் தலைமை நிரலாளரான விப்பர், எசுபெராண்டோ மொழி ஆர்வலராக விக்கிக்கு வந்தவர். அம்மொழியின் தொப்பியணிந்த எழுத்துகள் மேலை ஐரோப்பிய எழுத்துத் தொகுதியான லத்தீன்-1-இல் இல்லை. ஆகவே யூ.டி.எஃப்-8-ஐ மென்பொருளுக்குள் கொண்டுவரும் தேவை அவருக்குச் சொந்தத் தேவையாகவும் இருந்தது. தாய்மொழியாகப் பெரும்பாலும் எவருமே பேசாத ஒரு செயற்கை மொழியின் தயவால் தமிழுக்கும் பாதை செப்பனிடப்பட்டது என்று சொல்லலாம். ஆங்கில விக்கிப்பீடியா 2005 சூன்வரை லத்தீன்-1-இலேயே கிடந்தது. பின்னே பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவோ யூ.டி.எஃப்-8-இலேயே பிறந்தது.

பொட்டலத்தைக் கொண்டு சேர்ப்பதோடு வேலை முடிந்திருந்தால் பி.எச்.பி.யை வாழ்த்திவிட்டு இக்கட்டுரையை முடித்திருக்கலாம். எண்ணவும், வெட்டவும், வரிசைப்படுத்தவும் நேரும்போதுதான் அறியாமை வெளிப்படுகிறது. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? தொல்காப்பியம் பயின்றவரும் தொடக்கப்பள்ளி மாணவரும் மூன்று என்பர். யூனிகோடு கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பி.எச்.பி.யின் நீளம் காணும் செயற்கூறோ பதினைந்து என்று விடை தரும். சொல்லின் முதல் நான்கு எழுத்தைக் கொடு என்று கேட்டால், த என்பதையும் ம என்பதன் மூன்றில் ஒரு துண்டையும் கொடுக்கும். அந்தத் துண்டு திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தோன்றும். செய்தித் தளங்களிலும் மன்றங்களிலும் கட்டுரைச் சுருக்கத்தின் கடைசியில் அந்த வைரத்தைக் காணாத தமிழ் வாசகர் அரியர்.

விக்கிப்பீடியாவில் இது எங்கே உறுத்தியது என்றால், அளவுகளில். ஒவ்வொரு திருத்தத்தோடும் இன்னது செய்தேன், இங்கிருந்து எடுத்தேன் என்று குறிப்பு எழுதும் இடத்துக்குத் தொகுப்புச் சுருக்கம் என்று பெயர். பிறமொழிக் கட்டுரையைப் பெயர்த்தால் மூலத்தைச் சுட்ட வேண்டிய இடமும் அதுவே. எழுதியவரின் உரிமை காக்கப்படுவது அங்கேதான். நெடுங்காலம் அதன் கொள்ளளவு 255 பைட். ஆங்கிலேயர் 255 எழுத்து எழுதலாம். தமிழர் 85 குறிகளோடு நிறுத்த வேண்டும். மேலே கண்ட விகிதப்படி ஐம்பத்தொரு எழுத்து. ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, உனக்கு மட்டும் எழுத்து பெரிது என்பது போன்றது இது. 2018-இல்தான் அது 500 குறிகளாக, பைட்டைக் கணக்கில் கொள்ளாமல், உயர்த்தப்பட்டது.

வரிசை மற்றொரு தொல்லை. யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளின் எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. தேவநாகரியை ஒட்டி இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட கட்டத்தில் தமிழைப் பொருத்தியதால், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ளகர ழகரங்களுக்குப் பின்னும் போய் அமர்ந்தன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே தள்ளப்பட்டது. எண்களைப் பார்த்து மட்டுமே வரிசைப்படுத்தும் நிரல் மரத்துக்கு முன் மன்னனை வைக்கும், வழிக்கு முன் வள்ளலை வைக்கும், பக்கத்துக்கு முன் பகலை வைக்கும். எந்த அகராதியும் இவ்வாறு வைக்காது. 2011-இல் வந்த மீடியாவிக்கி 1.17 பதிப்பில்தான் பகுப்புகளில் மொழிக்குரிய வரிசைமுறையைப் பின்பற்ற இடம் ஏற்பட்டது.

'கொ' என்ற எழுத்தின் சிக்கல் நுட்பமானது. ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம்; கொம்பும் காலும் தனித்தனியே இட்டு மூன்று குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. இதைக் கவனியாது விட்டிருந்தால் கொற்றவைக்கு இரண்டு கட்டுரைகள் இருந்திருக்கும், ஒன்றைத் தேடியவருக்கு மற்றது கிட்டாது. உள்ளே வரும் உரையை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் பகுதியை மீடியாவிக்கியினர் பி.எச்.பி.யிலேயே எழுதிச் சேர்த்தனர். மொழி செய்யத் தவறியதை மென்பொருள் செய்தது.

மொழியைத் திருத்தவும் முயன்றார்கள். 2005-இல் ஆந்திரை ஸ்மியெவ்ஸ்கியின் முன்னெடுப்பில் பி.எச்.பி. ஆறாம் பதிப்புக்கான வேலை தொடங்கியது. சரம் என்றாலே யூனிகோடு என்று மொழியின் வேரையே மாற்றுவது நோக்கம். ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் 2010 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. உள்ளே ஒவ்வொரு குறிக்கும் குறைந்தது இரண்டு பைட் என்று கொண்டதால், வருவதையும் போவதையும் ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. நினைவகமும் வேகமும் பாழாயின. வேலை செய்ய ஆளும் குறைந்தனர். அந்தப் பதிப்பு எண்ணையே விட்டுவிட்டு, 2015 திசம்பரில் ஏழாம் பதிப்பை வெளியிட்டார்கள். சில கட்டடங்களில் பதின்மூன்றாம் எண் அறையை விட்டுவிடுவதுபோல. இதே காலத்தில் பைத்தான் எதிர்வழியில் சென்றது: 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சரத்தை யூனிகோடாக்கியது. அதற்குத் தந்த விலை, பழைய நிரலெல்லாம் ஓடாமல் போனது. பழைய பதிப்பை 2020 சனவரி முதல் நாளன்று முற்றாகக் கைவிடும்வரை பதினோரு ஆண்டுக் காலம் அந்தச் சமூகம் இரண்டுபட்டு நின்றது. பி.எச்.பி.யினர் பழைய நிரலைக் காத்தனர், எழுத்தை விட்டனர். பைத்தானியர் எழுத்தைக் காத்தனர். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதானால், தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் நான் பைத்தான் பக்கமே நிற்பேன். விக்கிப்பீடியாவை நடத்துபவனாக இருந்திருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

வேகம் பற்றிய கதையை விரைந்து கடக்கலாம். 2004-இல் பி.எச்.பி.யில் தொடங்கிய ஃபேஸ்புக், அதைக் கைவிட முடியாத அளவுக்கு வளர்ந்த பின், அம்மொழியை விரைவாக ஓட்டும் சொந்த எந்திரத்தை ஆக்கியது. 2014-இல் விக்கிப்பீடியா அந்த எந்திரத்துக்கு மாறியது. பிறகு ஃபேஸ்புக் தனக்கென்று ஹேக் என்னும் கிளைமொழியை வளர்த்து, 2017-இல் பி.எச்.பி.யோடு இனி ஒத்துப்போகப் போவதில்லை என்று அறிவித்தது. நல்வாய்ப்பாக அதற்குள் வந்திருந்த பி.எச்.பி. ஏழாம் பதிப்பு முன்னையதைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவாக ஓடியது. 2019-இல் விக்கிப்பீடியா பழைய வீட்டுக்கே திரும்பியது. பிறர் தேவைக்குச் செய்த தேரில் ஏறினால், தேர் திரும்பும் இடத்தில் இறங்க வேண்டும்.

இன்னொரு திரும்புதல் இதைவிடக் கருதத்தக்கது. விக்கிக் குறியீடுகளை அறியாதவரும் அச்சுப்பக்கம்போல் பார்த்துத் திருத்த உதவும் கருவிக்காக, 2010-களின் தொடக்கத்தில் பார்சாய்டு என்ற நிரலை விக்கிமீடியா அறக்கட்டளை உருவாக்கியது. அதற்கு ஜாவாஸ்கிரிப்டும் நோட் எந்திரமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அன்றைய நிலையில் நல்ல தேர்வு. ஆனால் மலிவான வாடகை இடத்தில் சிறு விக்கி நடத்துபவரால் நோட் எந்திரத்தை நிறுவ முடியவில்லை. கலைக்களஞ்சியத்தார்க்குக் கிடைத்த வசதி ஏழைத் தளங்களுக்குக் கிட்டவில்லை. ஒரே விக்கிக் குறியீட்டுக்கு இரு மொழிகளில் இரு உரைகாரர் என்ற நிலையும் உண்டாயிற்று. இறுதியில் பார்சாய்டு முழுவதையும் பி.எச்.பி.யில் பெயர்த்தெழுதி 2019 திசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 1.35 பதிப்போடு அது சேர்ந்தே வழங்கப்பட்டது. மான்ஸ்கே தனியொருவராகச் செய்த தேர்வு, தேர்ந்த பொறியாளர் குழுவின் தேர்வை வென்றது என்று இதைச் சொல்ல மாட்டேன். முதல் தேர்வைச் சுற்றி ஊரே எழுந்துவிட்டது; பின்னால் வருபவர் கோயிலை நகர்த்த முடியாது, தெருவைத்தான் வளைக்கலாம்.

ஆய்ந்து செய்த தேர்வும் உண்டு. கட்டுரைகளில் பயன்படும் வார்ப்புருக்களைத் தன்னார்வலர்கள் அடைப்புக்குறிகளை அடுக்கடுக்காய்க் கோத்து எழுதிவந்தனர். சித்திரக் கவியும் தோற்கும் சிக்கல். பக்கங்கள் தாமதித்துத் திறந்தன. தன்னார்வலர் கையில் ஒரு மெய்யான நிரல்மொழியைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. ஜாவாஸ்கிரிப்டை அறிந்தவர் பலர் என்றாலும், லூவா தேர்ந்தெடுக்கப்பட்டு 2013 மார்ச்சில் எல்லா விக்கிகளுக்கும் வந்தது. ரியோ டி செனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த மொழி அது. போர்த்துக்கீசியத்தில் லூவா என்றால் நிலா. மிகச் சிறியது, வேறொரு நிரலுக்குள் எளிதாக அடங்கி இருக்கும், இவ்வளவு நேரம் இவ்வளவு நினைவகம் என்று எல்லை கட்டினால் மீறாது. அயலார் எழுதும் நிரலை வீட்டுக்குள் ஓடவிடுபவர் கேட்க வேண்டிய பண்புகள் இவை.

அந்த நிலவிலும் களங்கம் உண்டு. லூவாவுக்கும் சரம் என்பது பைட் வரிசையே. ஆகவே விக்கிமீடியாவினர் யூனிகோடு அறிந்த தனி நூலகம் ஒன்றை அதற்குத் துணையாகச் சேர்த்தனர். வார்ப்புரு எழுதும் தமிழர் மறந்துபோய் லூவாவின் இயல்பான செயற்கூறைப் பயன்படுத்தினால் 'தமிழ்' என்பதன் நீளம் பதினைந்து. துணை நூலகத்தைப் பயன்படுத்தினால் ஐந்து. மூன்று என்ற விடை வேண்டுமென்றால், உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணும் விதியை அவரே எழுதிக்கொள்ள வேண்டும். கட்டுரைத் தலைப்பின் எல்லையோ இன்றும் 255 பைட்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளின் முகப்பில் நூற்பெயர், உரைகாரர் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் ஒரே தொடராக அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பெயர்களுள் 85 குறிகளைத் தாண்டும் ஒன்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தலைப்பாக இட முயன்றால் மென்பொருள் மறுத்துவிடும்.